கிழங்கு வயல் பாட்டு

ஈழத்தில் போர் முடிந்த அந்த வைகாசியில், டென்மார்க்கின் ஹேர்னிங்கில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஒரு ஜெர்மன் கிழவி இருந்தார். கிழக்கு ஜெர்மனியில் பிறந்து, இளம் வயதில் கடல் வழியாகத் தப்பி வந்து, ஒரு டெனிஷ்காரரைக் கட்டிக்கொண்டவர். எங்களைப் போலவே உச்சரிப்புச் சரிவராத டெனிஷில் எல்லாரோடும் சண்டை பிடிப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு ஒரே ஒரு படம் போட வேண்டும். வேறு எதைப் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவருடைய நாட்டு அரசாங்கம் எடுத்த பாட்டுப் படம் அது. அடேயப்பா, என்ன ஒரு சந்தோஷம்! கூட்டுப்பண்ணைக்கு டிராக்டர் வந்ததற்கு ஒரு பாட்டு. சீனி எடுக்கிற கிழங்கு நன்றாக விளைந்ததற்கு ஒரு பாட்டு. கட்சிக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினால் அவருக்கும் ஒன்று. எங்கள் கதாநாயகிகளாவது மழையில் நனைந்து ஆடுவார்கள். இவர்கள் கிழங்கைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். முதல் நாள் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கிழங்கு வயல் பாட்டு வந்ததும் கிழவி கையை உயர்த்துவார். நான் படத்தை நிறுத்த வேண்டும். இரண்டாவது வரிசையில் தலைத்துணி கட்டிய ஒருத்தி வாய் நிறையச் சிரித்துப் பாடிக்கொண்டு நிற்பாள். அது அவருடைய அக்கா. படம் பிடிக்க வந்தவர்கள் அந்த ஊர்ப் பெட்டைகளையே வயலில் நிறுத்திப் பாட வைத்தார்களாம். அதற்கு முதல் கிழமைதான் தகப்பனை அரசாங்கத்து ஆட்கள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

“பிறகு எப்படிச் சிரித்தார்?” என்று கேட்டுவிட்டேன்.

கிழவி என்னை விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “முன்னால் கமரா நின்றதே,” என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டு என்னைப் பேயாகப் பிடித்துக்கொண்டது. சைக்கிளில் வரும்போது கூடவே வரும். கறிக்கு வெங்காயம் வெட்டும்போது என் வாயே அதை முணுமுணுக்கும். சீ, வாயை மூடு என்று எனக்கு நானே ஏசிக்கொள்வேன்.

வீட்டிலும் அதே நிறுத்துகிற வேலைதான். தம்பியும் அவன் மனைவியும் மூன்று வயது மகளும் வன்னியில் போருக்குள் கடைசிவரை அகப்பட்டிருந்தார்கள். தொடர்பே இல்லை. அங்கிருந்து வெளியே வந்த சனத்தை எந்தச் செய்திப் படத்தில் காட்டினாலும், அதைக் கணினியில் போட்டு நிறுத்தி நிறுத்தி முகம் தேடுவோம். அந்த நாட்களில் ஹேர்னிங்கில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் இதுதான் நடந்தது.

ஒரு பின்னேரம் அம்மா கத்தினார். “பிள்ளை, நிப்பாட்டு! தம்பியடி!”

சனத்தை அடைத்து வைத்திருந்த இராணுவ முகாமுக்கு யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார். முட்கம்பிக்கு உள்ளே ஒரு கூட்டம் வரிசையாக நின்று, கைதட்டி வரவேற்புப் பாட்டுப் பாடுகிறது. நடுவில் தம்பி. எலும்பும் தோலுமாக இருந்தான்.

“உயிரோட இருக்கிறான்! பார், சிரிக்கிறான்!” அம்மா திரையைத் தடவித் தடவி அழுதார்.

நானும் அழுதேன். ஆனாலும், குளிக்கும்போதுகூடப் பாடாதவன் அவன். “வெக்கம் கெட்டவனே, ஆருக்கு முன்னால நிண்டு பாடுறாய்?” என்று திரையைப் பார்த்தே ஏசினேன். அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அவன் மனைவியையும் மகளையும் அந்தக் கூட்டத்தில் திரும்பத் திரும்பத் தேடினோம். காணவில்லை.

ஆனியில் யாருடையதோ கைபேசியில் இருந்து அவன் அழைத்தான். அம்மா அழுதுகொண்டு கைபேசியை நீட்டினார். நான் வாங்கினேன்.

“அக்கா, நான் பாடினதைப் பாத்தனீங்களோ?”

“ஓம்.”

“ஓடி வரேக்க, தண்ணி கடக்கேக்க மனிசியையும் பிள்ளையையும் தவற விட்டிட்டன். மற்ற முகாமில போய்த் தேட விடுங்கோ எண்டு கெஞ்சினனான். முதல் பாடு, பிறகு விடுறம் எண்டவங்கள் ஆமிக்காரர். நல்லாப் பாடினன் அக்கா. சிரிக்கச் சொன்னவங்கள், சிரிச்சனான். சொன்ன மாதிரியே விட்டவங்கள்.”

அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

“அங்க அவையள் இல்லை.”