எலும்பெல்லாம் 'பி'

எங்கள் தடயவியல் ஆய்வகத்தில் எலும்பைப் பொடித்து இரத்த வகை கண்டுபிடிப்பவருக்கு எலும்பண்ணன் என்று பெயர். ஆளைப் பார்த்தால் எலும்பு எங்கே இருக்கிறதென்று தேட வேண்டும், அவ்வளவு சதை. நான் பக்கத்து அறையில் விஷம் பார்ப்பவள். டி.என்.ஏ. இயந்திரமெல்லாம் எங்களுக்கு வராத காலம். காணாமல்போனவரின் இரத்த வகையும் எலும்பின் வகையும் வேறு வேறு என்றால், ஆள் அவரில்லை என்று அடித்துச் சொல்லலாம். அதுதான் அண்ணனின் பிழைப்பு.

காட்டில் கிடைத்த ஒரு தொடை எலும்பை அப்படித்தான் 'பி' என்று எழுதிக் கொடுத்தார். மகனைத் தொலைத்திருந்த ஓர் அம்மா, விஷயம் தெரிந்ததும் ஆய்வகத்துக்கே ஓடிவந்தார். மகன் 'ஓ' வகை.

"அப்ப அது என் புள்ள இல்லல்ல? எங்கயோ உசிரோட இருக்கான்ல?" என்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று முழுக்க அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் வந்தது வினை. அடுத்த எலும்பும் 'பி'. அதற்கடுத்ததும் 'பி'. மருந்து கெட்டுவிட்டதோ என்று புது பாட்டிலைத் திறந்தார், அதற்கும் 'பி'. சில சமயம் மண்ணிலுள்ள கிருமிகூட இப்படிப் போக்குக் காட்டும் என்று மண்ணைத் தனியாகச் சோதித்தார். மண் மேல் குற்றமில்லை.

"செத்தவனெல்லாம் பேசி வெச்சுக்கிட்டா சாவான்?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். நான் என்ன செய்தேன்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் அவர் அலைய, பார்த்துப் பார்த்து எனக்கும் மண்டை காய்ந்தது.

கடைசியில், அவர் வேலை செய்கிற மேசையருகே போய் நின்றேன். சின்ன இரும்பு உரலில் எலும்பை இடித்துக்கொண்டிருந்தார். புதுக் கண்ணாடியில் ஆவி படிகிறதென்று முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியிருந்தார். விளிம்பில் ஒட்டிய பொடியை வாயால் 'ஃபூ' என்று ஊதி உள்ளே தள்ளினார்.

"அண்ணே, உங்க ப்ளட் குரூப் என்ன?"

"பி. ஏம்மா கேக்குற?"

கேட்டுவிட்டு அண்ணன் குனிந்து உரலைப் பார்த்தார். எச்சிலிலும் இரத்த வகை தெரியும் என்பது எங்கள் வேலையில் பாலபாடம்.

மீதமிருந்த தொடை எலும்பை முகக்கவசத்தோடு மறுபடி இடித்துப் பார்த்தார். 'ஓ' வந்தது.

போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த அம்மாவிடம் மட்டும் தானே சொல்வேன் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். வரச்சொன்னோம். வந்தார்.

நடந்ததை அண்ணன் சொல்லக் கேட்டுவிட்டு, "அப்ப அது என் புள்ளதானா?" என்றார்.

"அப்படியும் சொல்ல முடியாதும்மா. 'ஓ' எத்தனையோ பேருக்கு இருக்கு. உங்க புள்ளையா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தப்பு என்னோடதுதான்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரிய்யா. இப்ப நான் அழணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."