நாலாவது படம்

போன வாரம் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தாய்ப்பால் வகுப்பு எடுத்தேன். பொம்மைக் குழந்தை, ஃப்ளிப் சார்ட், பிஸ்கட் பாக்கெட்... வழக்கமான மூட்டைதான்.

அந்தச் சார்ட்டின் நாலாவது படம் எனக்குச் செல்லம். தாய் பால் கொடுக்கிறாள். கணவன் தண்ணீர் டம்ளரை நீட்டுகிறான். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார். எத்தனை வருடமாக அதைக் காட்டி நீட்டி முழக்கியிருப்பேன்!

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "மிஸ், இவங்கள்லாம் வேலைக்குப் போகலியா?"

கேட்டவள் செல்வி. மடியில் இரண்டு மாதப் பெண் குழந்தை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த படத்தைப் புரட்டினேன். என்ன புத்திசாலித்தனம்!

மனசு கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவளோடு லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, நடந்தேன். பதினொரு மணி. வரிசையாக எல்லாக் கதவிலும் பூட்டு. அத்தனை பேரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டார்கள். செல்வியின் கணவனுக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. மாமியார் திரும்ப அந்தியாகும்.

மேசையில் பிரிக்காத பால்மா டின்.

"பால் இருக்குங்க மிஸ். ஆனா புள்ள அழுவுறப்ப பத்தலயோன்னு பயமா இருக்கு. கேக்க ஆளில்ல. நானும் சேந்து அழுதுருவேன். இன்னிக்கி டின்னத் தொறந்துரலாம்னுதான்..."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஈரத்துணி மாத்துறீங்க?"

"ஏழெட்டுத் தடவைங்க."

கிளினிக் கார்டைப் பார்த்தேன். எடை ஒழுங்காக ஏறியிருந்தது. "பால் பத்துதும்மா. தாராளமா பத்துது."

அதைச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல்தான் டின் வரைக்கும் போயிருக்கிறாள்.

குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டாள். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தாள்.

"நாளைக்கும் வருவீங்களா மிஸ்?"

அங்கே அடுத்த வகுப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வாய் மட்டும் "வர்றேன்" என்றது.

அன்று சாயங்காலம் நானுஓயாவில் என் வீட்டைத் திறந்து, நானே தண்ணீர் ஊற்றி, நானே குடித்தேன். கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாக அப்படித்தான். தனிமை பழகிவிட்டது என்று இதே பத்திரிகைப் பத்தியில் எத்தனை தடவை பீற்றியிருக்கிறேன்? சுத்தப் பொய்ங்க.

மறுநாள் பஸ் ஏறினேன். சார்ட்டை எடுத்துப்போகவில்லை.

டின் பிரிக்காமல் அப்படியே இருந்தது. மூச்சு வாங்க வாசலில் உட்கார்ந்தேன். இடுப்பில் குழந்தையோடு வந்த செல்வி, என் முன்னால் ஒரு தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.