இரண்டு டிகிரி தள்ளி

மலாக்கா மாநிலத்துப் பெம்பானில் போய் ரங்கசாமி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். டிஷ் ரங்கசாமி என்று கேட்டால் கடைத்தெரு நாய்கூட வழி காட்டும். இருபத்தாறு வருஷமாக ஜாசின், அலோர் காஜா, புக்கிட் ரம்பாய் என்று மோட்டார் சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு அலைந்து, வீட்டுக் கூரைகளில் டிவி டிஷ் மாட்டுகிறவர். வயது அறுபத்தொன்று. முட்டி வலிக்கிறது என்று புலம்புவதெல்லாம் தரையில் இருக்கும்வரைதான்.

மற்றவர்கள் மூன்று டிஷ் மாட்டும் நேரத்தில் இவர் ஒன்று மாட்டுவார். மலாக்காவில் டிஷ் கிட்டத்தட்ட உச்சி வானத்தையே பார்த்து, மேற்கே கொஞ்சம் சாய்ந்து உட்கார வேண்டும். திருகாணியை முடுக்கும்போது கொஞ்சம் நகர்ந்தாலும் போச்சு. டிவி நீலத் திரையைக் காட்டி நிற்கும், வீட்டுக்காரர் முகம் கறுக்கும். அதனால் ரங்கசாமி அவசரப்பட மாட்டார். கையிலிருக்கும் மீட்டர் 'பீப்' என்று கத்தியதும் கூரையிலிருந்தபடியே குரல் கொடுப்பார்.

"சிக்னல் வந்துருச்சிலா! படம் பின்னால வரும். பொறுங்க!"

எல்லா வீட்டிலும் இதே வாக்கியம்தான். ஒரு சொல் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார்.

மனுஷனுக்கு இன்னொரு பித்தும் உண்டு. ஒருநாள் யூடியூபில் ஆஸ்திரேலியாவிலுள்ள ஒரு டிஷ்ஷைப் பார்த்துவிட்டார். எழுபது மீட்டர் அகலம். "நம்மளுது அறுபது சென்டிமீட்டர். அது எழுபது மீட்டர். ஆனா ரெண்டுக்கும் வேல ஒண்ணுதான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். அந்தப் பெரிய டிஷ் யாரிடம் பேசுகிறது என்று தேடப்போய்த்தான் வாயேஜர் இரண்டு அறிமுகமானது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில் கிளம்பிய விண்கலம். ரங்கசாமி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோட்டத்தில் புல் வெட்டப் போன அதே வருஷம். வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று வரிசையாக நாலு வீடும் எட்டிப் பார்த்துவிட்டு, ஆள் அரவமில்லாத இருட்டில் தனியாகப் போய்க்கொண்டே இருக்கிறது.

இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் அவர் மனைவி மங்களம். நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே, "இப்ப அது எங்க போவுது?" என்பாள். சொல்வார். அடுத்த வாரமும் அதையே கேட்பாள். மறந்துபோய்க் கேட்கவில்லை, அவர் சொல்வது அவளுக்குப் பிடித்திருந்தது. அது மங்களம் போன பிறகுதான் ரங்கசாமிக்குப் புரிந்தது.

மங்களம் போனது 2022 ஆகஸ்டில். ஒரே மகள் அகல்யா, பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரமுள்ள ஜொகூர் பாருவிலிருந்து வந்தாள். இருபத்தெட்டு வயது, அங்கே தனியார் கிளினிக் ஒன்றில் நர்ஸ். பதினாறு நாளும் இருந்தாள், சமைத்தாள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். பதினேழாம் நாள் விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அப்பாவும் மகளும் நேராகப் பேசிப் பழக்கமில்லாதவர்கள். இத்தனை வருஷமும் அவர்கள் நடுவில் மங்களம் இருந்தாள். "அப்பா சாப்பிட்டாராம்", "பாப்பாவுக்குச் சளியாம்" என்று அந்தப் பக்கத்துச் சேதியை இந்தப் பக்கமும், இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கமும் கடத்திக்கொண்டிருந்தாள். அவள் இல்லாத வீட்டில் அன்று காலை ரங்கசாமி தனியாக உட்கார்ந்திருந்தார். யாரிடமாவது கொட்ட வேண்டும்போல் இருந்தது. போனை எடுத்தார். பக்கத்து வீட்டு அங்கமுத்துவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார்.

"பாத்தியா அங்கமுத்து, ஊருக்காக வந்து நின்னுட்டு ஓடிட்டா. அவ அம்மா இருந்தப்பவும் இப்பிடித்தான். நாளைக்கு நான் செத்தாலும் லீவு பாத்துத்தான் வருவா."

அது அங்கமுத்துவுக்குப் போகவில்லை. அவர் பெயருக்கு மேலே இருந்த 'மங்களம் வீடு' என்ற குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது. மங்களம் ஆரம்பித்த குழு அது. அதில் மூன்றே பேர்: ரங்கசாமி, மங்களம், அகல்யா.

நாற்பது நிமிஷம் கழித்துத்தான் பார்த்தார். உடனே அழித்தார். மெசேஜ் அழிக்கப்பட்டது என்ற ஒரு வரி மட்டும் குழுவில் மிஞ்சியது. அகல்யா கேட்டாளா, இல்லையா? குழுவில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது டிக் விழும். மங்களத்தின் போனோ அலமாரியில் அணைந்து கிடக்கிறது. அதனால் அந்தக் குழுவில் எதைப் போட்டாலும் காலத்துக்கும் ஒற்றை டிக்தான். அந்த ஒற்றை டிக்கைப் பிடித்துக்கொண்டு, கேட்டிருக்க மாட்டாள் என்று ரங்கசாமி தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டார். ஏமாறுவதற்கு மனுஷனுக்குச் சொல்லியா தர வேண்டும்?

ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்த போன் அந்த வாரத்தோடு நின்றது.

அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகத் தினமும் காலையில் முருகன் படத்தோடு 'இனிய காலை வணக்கம்' ஒன்றைக் குழுவில் போட்டார். வெள்ளிக்கிழமையானால் அம்மன். ரோஜாப்பூ, தேநீர்க் கோப்பை, சூரிய உதயம். பதினோரு மாதம், ஒரு நாள் தவறாமல், அலமாரியில் கிடந்த போனுக்கும் திரும்பிப் பார்க்காத மகளுக்கும் வணக்கம் வைத்தார். துக்க வருஷம், தீபாவளி கிடையாது, அதனால் வரவில்லை என்று அங்கமுத்துவிடம் சமாளித்தார். அம்மாவின் முதல் திதிக்கு வராமல் இருந்துவிடுவாளா என்ன? ஆகஸ்ட் ஆறு, ஞாயிற்றுக்கிழமை. தானே வருவாள். வந்தால் எல்லாம் சரியாகிவிடும். அதுதான் அவர் கணக்கு.

ஜூலை கடைசி சனிக்கிழமை காலை, பசியாறிக்கொண்டே போனைப் பார்த்தவர் ரொட்டியை அப்படியே தட்டில் வைத்தார். வாயேஜர் இரண்டோடு தொடர்பு அறுந்துவிட்டதாம். அது கெட்டுப்போகவில்லை. இங்கிருந்து விஞ்ஞானிகள் தவறுதலாக ஒரு கட்டளையை அனுப்பிவிட்டார்கள். சொன்ன சொல் தட்டாத அந்தக் கலம் அதன்படியே தன் ஆன்டெனாவைப் பூமியை விட்டுத் திருப்பிக்கொண்டது. இரண்டே டிகிரி.

"ரெண்டு டிகிரி!" என்று தனியாகச் சிரித்தார். "ரெண்டு டிகிரின்னா முடிஞ்சிச்சிலா!"

சிரிப்பு பாதியில் நின்றுபோனது. தப்பு அதன்மேல் இல்லை, அனுப்பினவன்மேல். அந்த வரியை மறுபடி படித்தார். ரொட்டி ஆறிப்போனது.

செய்தியில் ஓர் ஆறுதலும் இருந்தது. வருஷத்தில் சில தடவை அந்தக் கலம் தானாகவே திசையைச் சரிபார்த்துக்கொள்ளும். அடுத்தது அக்டோபர் பதினைந்து. அதுவரை காத்திருந்தால் போதும். ரங்கசாமிக்குப் பெரிய நிம்மதி. பார்த்தாயா, அவர்களும் காத்திருக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கும் முருகன் படம் போட்டார்.

ஆனால் அவர்கள் காத்திருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை புக்கிட் ரம்பாயில் ஒரு வேலையை முடித்து, கடையில் தே தாரிக் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது அடுத்த செய்தியைப் படித்தார். பெரிய டிஷ்கள் காதைத் தீட்டிக்கொண்டு தேடியதில் கலத்தின் சமிக்ஞை லேசாகக் கேட்டிருக்கிறது. தகவல் ஒன்றும் இல்லை, உயிரோடு இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அதனால் அக்டோபர்வரை சும்மா இராமல், ஆஸ்திரேலியாவிலுள்ள டிஷ்ஷிலிருந்து, முகம் திருப்பி நிற்கும் அந்தக் கலத்தை நோக்கி, இருக்கிற சக்தியையெல்லாம் கூட்டி ஒரே ஒரு கட்டளையைக் கத்தியிருக்கிறார்களாம். திரும்பிப் பார் என்று. கேட்குமா என்று அவர்களுக்கே தெரியாது. போக பதினெட்டரை மணி நேரம், வர பதினெட்டரை. கேட்டதா இல்லையா என்று அறிய முப்பத்தேழு மணி நேரம்.

தே தாரிக் ஏடு படிந்துகொண்டிருந்தது. ரங்கசாமிக்கு வெட்கமாக இருந்தது. முன்பின் பார்க்காத ஓர் இயந்திரத்துக்காக அவ்வளவு பேர் தங்கள் தப்பை ஊரறியச் சொல்லிவிட்டுக் கத்துகிறார்கள். பெற்ற மகளுக்கு அவர் ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, குளித்து, சாமி விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்தார். குழுவைத் திறக்கவில்லை. அகல்யாவின் பெயரைத் தேடி எடுத்து, இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். முதல் தடவை மழையைப் பற்றிப் பேசி அழித்தார். இரண்டாம் தடவை இருமல்தான் வந்தது. மூன்றாம் தடவை பேசினார்.

"அகல்யா, அப்பாதாம்மா. அன்னைக்குக் குரூப்ல ஒரு வாய்ஸ் போட்டேன். அங்கமுத்து மாமாவுக்குப் போட வேண்டியது, கை தவறிடுச்சி. கை தவறுனது பெருசில்ல, அப்பிடி ஒரு பேச்சு என் வாயில வந்துச்சே, அதான் தப்பு. அழிச்சிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துட்டேன். நீ கேட்டிருப்பேன்னு எனக்குத் தெரியும். நீ ஏன் அன்னைக்கே கெளம்புனேன்னு நான் கேக்கவே இல்ல. அம்மா இருந்தா கேட்டிருப்பா. ஞாயித்துக்கெழம அம்மாவுக்குத் திதி. வந்துதான் ஆவணும்னு சொல்லலம்மா. எனக்கு... வீட்ல யாரும் இல்லாம ரொம்ப கஷ்டமா இருக்கும்மா. அவ்ளோதான்."

அனுப்பினார். மணி ஏழே கால். இரண்டு டிக் விழுந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமாயின. பெயருக்குக் கீழே 'டைப் செய்கிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நின்றது. அப்புறம் ஒன்றுமில்லை.

முப்பத்தேழு மணி நேரம் என்று மனசுக்குள் ஒரு கெடு வைத்துக்கொண்டார். ஞாயிறு காலை எட்டே கால். பாவம், ஜொகூர் பாரு அவ்வளவு தூரமில்லை என்று அவருக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை நல்ல செய்தி வந்தது. கத்தியது கேட்டுவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடிக் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வாயேஜர் இரண்டு திரும்பிப் பார்த்து, தகவல் அனுப்பத் தொடங்கிவிட்டது. ரங்கசாமி சின்னப் பிள்ளைபோல் கை தட்டினார். மார்க்கெட்டுக்குப் போய் நெத்திலி வாங்கினார், அகல்யாவுக்குப் பிடித்த பலாப்பழம் வாங்கினார். அவள் அறையில் புது உறை போட்ட தலையணை வைத்தார்.

ஞாயிறு காலை அங்கமுத்துவும் அவர் மனைவி பாக்கியலட்சுமியும் வந்தார்கள். பாக்கியலட்சுமிதான் சமையல். திதி கொடுக்கப் பண்டாரம் ஒருவர் வந்து மங்களத்தின் படத்துக்கு முன் இலை போடச் சொன்னார்.

"பிள்ளைங்க யாரும் வரலிங்களா?"

"ஒரே பொண்ணுங்க. வந்துரும். கொஞ்சம் பொறுங்க."

எட்டே கால் ஆனது. வாசலில் ஒரு வேன் நின்றது. எதிர்வீட்டுக்கு வந்த தண்ணீர்ப் புட்டி வேன். எட்டே முக்காலுக்குப் பண்டாரம் வேறு வீட்டுக்கும் போக வேண்டும் என்றார். ரங்கசாமி தனியாக உட்கார்ந்து, தனியாகச் சூடம் காட்டி, தனியாக விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. அங்கமுத்து கைகொடுத்துத் தூக்கினார். வாசலில் மோட்டார் சைக்கிளோடு சேர்த்துக் கட்டியிருந்த ஏணி அவர் கண்ணுக்கு அன்று மலைபோல் தெரிந்தது.

காக்கைக்கு வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது போன் அதிர்ந்தது. அகல்யா. ஒரு வாய்ஸ் மெசேஜ். நான்கு விநாடி.

அழுத்தினார். எங்கேயோ ஒரு லாரி போகும் சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். பேச வாயெடுத்து மூச்சை இழுக்கிற சத்தம். அதோடு நின்றுவிட்டது. மறுபடி போட்டார். அதே லாரி, அதே மூச்சு. ஏழாவது தடவை போட்டபோது அங்கமுத்து போனை வாங்கித் தன் காதில் வைத்தார்.

"ஒண்ணுமே கேக்கலயேலா. கை தவறி அமுக்கிருச்சோ?"

அந்த மூச்சு ரங்கசாமிக்குத் தெரியும். மகள் அழுகையை அடக்கும்போது அப்படித்தான் இழுப்பாள், ஐந்து வயதிலிருந்து. அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"சிக்னல் வந்துருச்சிலா, அங்கமுத்து" என்றார். "படம் பின்னால வரும்."

போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு மங்களத்தின் இலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் வழக்கம்போல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், இப்போது அது எங்கே போகிறது என்று.