சாமிக்குப் புரியாத பேச்சு

என் வீட்டுக்காரர் ஜெர்மன் சண்டைக்குப் போய்த் திரும்பி வந்தபோது முதலில் பேசியது என்னோடு இல்லை, மாட்டோடு. கோபம் ஒன்றும் கிடையாது. கல்யாணமான சூட்டோடு போன மனுஷர். வருஷங்கள் கழித்து வாசலில் வந்து நின்றால் பெண்டாட்டியோடு என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மாட்டோடு என்றால் கூச்சமில்லாமல் பேசலாம். திரும்பக் கேள்வி கேட்காது.

வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். இவர் வாயே இல்லாமல் வங்காளத்தையும் தாண்டி, கடலுக்கு அப்பால் பஸ்ரா வரைக்கும் போனவர். கீழே சந்தைக்கு மிளகு சுமந்துகொண்டு மலை இறங்கியவரைப் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிறவன் பிடித்துக்கொண்டான். மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டே போய்விட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அங்கே அவர் கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை. கோவேறு கழுதை ஓட்டுகிற வேலை. இது ஊருக்குத் தெரிந்ததும், எத்தனை பேரைச் சுட்டாய் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எத்தனை உதை வாங்கினாய் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் அதற்கும் சிரிப்பார். தொடையில் ஒரு தழும்பு இருந்தது. குண்டு பட்டதா, குளம்பு பட்டதா என்று நான் கேட்டதற்கு, "பட்டப்போ நான் பாக்கலே புள்ளை" என்றார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்குச் சிரிப்பு வராது. அது முதல் ஏர்.

சித்திரை மழை விழுந்ததும் எங்கள் மலைநாட்டில் கோயிலுக்குக் கீழே இருக்கிற சாமி நிலத்தில்தான் முதலில் ஏர் பூட்டுவோம். அதை உழுகிற உரிமை எங்கள் வீட்டுக்கு. அங்கே மாட்டின் மேல் கோல் படக்கூடாது, வாலை முறுக்கக்கூடாது. வாய்ச்சொல்லால்தான் ஓட்ட வேண்டும். மாடு நின்றுவிட்டால் அந்த வருஷம் மழையும் நின்றுவிடும் என்பது பயம். இவர் சீமையில் இருந்தவரைக்கும் இவர் தம்பி, என் கொழுந்தனார், அந்த ஏரைப் பிடித்தார். குறை சொல்ல முடியாது, நன்றாகவே பிடித்தார். ஆனால் அவர் பெண்டாட்டி, என் ஓரகத்தி, ஏர் பிடிக்கிறவர் பெண்டாட்டிக்கென்று கோயில் பொங்கலில் விழுகிற முதல் அகப்பையை வாங்கி வாங்கிப் பழகிவிட்டாள். கழுதை மேய்த்துவிட்டு வந்த கையில் சாமி ஏரைக் கொடுப்பார்களா என்று கிணற்றடியில் கேட்டாள். முன்னேர் போன வழியில்தான் பின்னேர் போகும் என்று நான் திருப்பிச் சொன்னேன். முன்னேர் கடல் தாண்டிப் போய்விட்டதே என்றாள். வாய் அவளுக்கும் உண்டு.

அவர் என்னிடம் முதன்முதலாக நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதும் இதைப் பற்றித்தான்.

"அங்கே எந்த ஊருன்னு கேப்பாங்க. கொல்லிமலைன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. மொத ஏர் புடிக்கிற ஊட்டுக்காரன்னு சொல்லுவேன். அதுவும் அவிங்களுக்குப் புரியாது. சொன்னா எனக்குத் தெம்பா இருக்கும்."

அந்த ஏர் கைக்கு வராவிட்டால் இவர் இன்னும் ஊர் திரும்பவில்லை என்றே அர்த்தம் என்று எனக்குப் பட்டது.

சிக்கல் மாட்டில் வந்தது. பழைய ஜோடி ஓய்ந்துபோயிருந்தது. என் தாய்வீட்டுச் சீராக வந்த கன்றுகள், ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல் நிற மயிலை, அப்போதுதான் நுகத்துக்கு வந்திருந்தன. அவற்றைப் பழக்கியது இவர். கழுதையிடம் பேசிய பேச்சையே காளையிடமும் பேசினார். போகச் சொல்ல "சலோ". நிற்கச் சொல்ல "டேரோ". நன்றாக நடந்தால் "சபாஷ்". காளைகளும் பட்டாளத்துச் சிப்பாய் மாதிரிக் கால் மாற்றாமல் நடந்தன. எங்கள் காட்டை ஒட்டித்தான் பூசாரியின் சாமைக்காடு. அவர் களை வெட்டுவதை விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

அப்படிப் பார்த்த பூசாரிதான் ஊர்க்கவுண்டரிடம் போய், சாமி நிலத்தில் இந்த அந்நியப் பேச்சு ஆகாது, சாமிக்குப் புரியாது என்று சொல்லிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது சும்மாவா வந்தது. மாட்டுக்குப் புரிந்தால் போதாதா என்று நான் கேட்டேன். பெண்பிள்ளை பேச்சு என்று அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர்க்கவுண்டர் நல்லவர். ஆனாலும் ஊர் வழக்கத்தை மீறமாட்டார். அண்ணன் நம் பேச்சில் ஓட்டட்டும், மாடு நடக்காவிட்டால் தம்பி பிடிக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

முதல் ஏருக்கு இருந்த கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரர் காளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கப் பார்த்தார் பாருங்கள், அந்தக் கூத்தை எங்கே சொல்வது. வெள்ளை சீக்கிரம் கற்றுக்கொண்டது. மயிலை ஒரு வார்த்தைகூட ஏற்றுக்கொள்ளவில்லை. "போ சாமி" என்றால் ஒன்று நடக்கும், ஒன்று நிற்கும். ஏர் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்.

அந்த நாளும் வந்தது. காளைகளைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசி ஓட்டிப் போனோம். அவர் மேழியைப் பிடித்து, "போ சாமி, போ கண்ணு" என்று கெஞ்சினார். மயிலை நின்றது. அது நிற்பதைப் பார்த்து வெள்ளையும் கற்றதை மறந்து நின்றுவிட்டது. கூட்டத்தில் ஒருவர், கழுதை மாதிரிக் கத்திப் பாருங்க என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வழக்கமாகத் தானும் சிரிக்கிறவர் அன்றைக்குத் தலை நிமிரவில்லை. மேழியையும், ஏர் பிடிக்கிறவர் தலையில் கட்டுகிற புதுத்துண்டையும் தம்பி கையில் கொடுத்துவிட்டு வரப்பில் போய் நின்றார்.

கொழுந்தனார் தொண்டை கனைத்துக்கொண்டு தன் பங்குக்குக் கூப்பிட்டார். காளைகள் காதைக்கூட ஆட்டவில்லை. சிரிப்பு அடங்கியது. அண்ணனுக்கும் நடக்கவில்லை, தம்பிக்கும் நடக்கவில்லை என்றால் மழைக்கு என்ன வழி? உடுக்கையை அடித்தார்கள். பூசாரிக்கு அருள் வந்தது. வேப்பிலையோடு நிலத்தில் இறங்கி ஆடினார். ஏரைச் சுற்றி வந்து, கண்ணை உருட்டி, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டார்.

"சலோ!"

காளைகள் கிளம்பின. சும்மா இல்லை, சாமியே சொன்ன வேகத்தில் கிளம்பின. மேழியைப் பிடித்திருந்த கொழுந்தனாரை அவை இழுத்துக்கொண்டு ஓடின. போகச் சொல்லத்தான் சாமி வந்தது. நிற்கச் சொல்ல யாரும் வரவில்லை. கொழுந்தனார் தெரிந்த வார்த்தை எல்லாம் சொல்லிப் பார்த்தார். எதிரே வரப்பின் மேல் பொங்கல் பானைகளோடு நாங்கள், பெண்கள். என் ஓரகத்தி பானையைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாமல், விட்டுவிட்டு ஓடவும் மனசில்லாமல் நின்றாள்.

அப்போதுதான் வரப்பிலிருந்து, அவசரமே இல்லாமல், என் வீட்டுக்காரர் குரல் வந்தது. "டேரோ."

பானைக்கு ஒரு முழம் முன்னால் ஏர் நின்றது.

அந்நியப் பேச்சு ஆகாது என்று இனி யார் சொல்வது? சொன்னதே சாமி ஆயிற்றே. எல்லோரும் ஊர்க்கவுண்டர் முகத்தைப் பார்த்தார்கள். ஊர்க்கவுண்டர் பூசாரி முகத்தைப் பார்த்தார். பூசாரி மேல் இருந்த சாமி சட்டென்று மலையேறிவிட்டது. இருப்பதே மலை உச்சி. இதற்கு மேல் சாமி எங்கே ஏறுமோ.

கொழுந்தனார்தான் முதலில் பேசினார். முழங்காலெல்லாம் சேறு, மூச்சு வாங்குகிறது, ஆனாலும் சிரிப்பு. தலையில் கட்டியிருந்த புதுத்துண்டை அவிழ்த்து அண்ணன் கையில் கொடுத்தார்.

"நீங்களே புடிங்கண்ணா. எனக்கு ஓடத்தான் தெரியுது, நிக்கத் தெரியலீங்க."

ஊர்க்கவுண்டர் தலையசைத்தார். என் வீட்டுக்காரர் துண்டைக் கட்டிக்கொண்டு சாமி நிலத்தில் இறங்கினார். மிச்ச நிலத்தை உழுது முடித்தார். சலோ என்றார், டேரோ என்றார், நாலு சாலுக்கு ஒரு தரம் மயிலைக்குச் சபாஷ் என்றார். தடுக்க ஆளில்லை.

பிற்பாடு பூசாரியிடம் நான் விடவில்லை. உங்களுக்கு அந்தச் சொல் எப்படித் தெரியும், எங்கள் வரப்பில் உட்கார்ந்து கேட்டதுதானே என்றேன். சாமி வந்தபோது சொன்னது தனக்கு எப்படித் தெரியும் என்றார். அதற்கு மேல் கேட்க முடியுமா?

அன்று மதியம் பொங்கல் பரிமாறும்போது முதல் அகப்பை என் இலைக்கு வந்தது. பக்கத்தில் ஓரகத்தி. இத்தனை வருஷம் அவள் இலைக்கு வந்தது. தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். என் இலையில் விழுந்ததில் பாதியை அவள் இலைக்குத் தள்ளினேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாய் தின்றுவிட்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"ஏனுங்கக்கா, அந்த நிக்கிற வார்த்தையை எனக்குஞ் சொல்லிக் குடுங்க. உங்க கொழுந்தனாரு பேச்செடுத்தா நிறுத்தறதே இல்லீங்க."

நான் சொல்லிக் கொடுத்தேன். எதிர் வரிசையில் என் வீட்டுக்காரர் மூன்றாம் முறையாகப் பொங்கல் வாங்கிக்கொண்டு, பக்கத்து இலைக்காரரிடம் பஸ்ராக் கதை சொல்ல ஆரம்பித்திருந்தார். அவர் ஊருக்குள் வாய் திறந்து கதை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் அவரை நிறுத்தத்தான் எனக்கு வழி தெரியவில்லை.