அண்ணி விட்டுக்கொடுத்த அரை நொடி

பஞ்சு மில்லில் என் அண்ணிக்கு 'ஒருவேளை மேடம்' என்று பெயர். ஒருவேளை கரண்ட் போய்த் திரும்பினால்? ஒருவேளை கம்ப்யூட்டர் தப்பாகப் புரிந்துகொண்டால்? இப்படிக் கேட்டுக் கேட்டு மென்பொருள் எழுதுகிறவர்களின் உயிரை வாங்குவதுதான் அவர் வேலை. அவர் சரி சொல்லாமல் அங்கே எந்த இயந்திரத்திலும் எதையும் மாற்ற முடியாது. கல்யாணத்துக்கும் யோசித்துத்தான் சரி சொன்னாராம். என் அண்ணனைப் பார்த்தால் யாருக்கும் யோசனை வரும், அது வேறு கதை.

அண்ணன் அதே மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் உருளையை ஓட்டுபவன். முன்பு அதற்கு இரும்பு மூடி இருந்தது. திறந்தால் உருளை நின்றுவிடும். அதை எடுத்துவிட்டு ஒளிக்கதிர் வைத்தார்கள். எது குறுக்கே வந்தாலும் மென்பொருள் உருளையை நிறுத்தும். பஞ்சு பறக்கிற இடத்தில் இது உருப்படுமா? தூசி குறுக்கிட்டாலும் நின்று தொலைத்தது.

சாப்பிட உட்கார்ந்தாலே அண்ணன் புலம்புவான். கதிர் அரை நொடி தொடர்ந்து மறைந்தால் மட்டும் நிற்கும்படி மாற்றினால் தூசித் தொல்லை தீரும் என்று மென்பொருள்காரர் சொல்லியிருந்தார். அண்ணி மசியவில்லை. யாராவது உள்ளே கை விடுவீர்களா என்று அண்ணனிடமே கேட்டார். எங்களுக்கென்ன பைத்தியமா என்றான்.

பச்சைப் புளுகு! சுவிட்ச் வரை போகச் சோம்பல்பட்டு, கையை நீட்டிக் கதிரை மறித்தே உருளையை நிறுத்தி, சிக்கிய பஞ்சைப் பிடுங்குவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். சொன்னால் அண்ணி திட்டுவாரே என்று மறைத்துவிட்டான். அண்ணியும் அந்த ஒரு தடவை நேரில் போய் நின்று பார்க்கவில்லை. புருஷன் படும் பாடு பொறுக்காமல் சரி சொல்லிவிட்டார்.

மாற்றிய வாரமே பழக்கத்தில் அண்ணன் கை உள்ளே போனது. உருளை சொன்னபடி அரை நொடி கழித்து நின்றது. வலது கையில் மூன்று விரல்கள் போயின.

நாத்தனார் என்றால் அண்ணியைத்தான் கரித்துக்கொட்ட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

நேற்று அண்ணன் சட்டையோடு மல்லாடிக்கொண்டிருந்தான். அண்ணி வந்து பொத்தானைப் போட்டுவிட்டார்.

"நச்சரிச்சதும் நான், பொய் சொன்னதும் நான். நீ ஏன் இப்படி உருகிப்போற?" என்றான்.

அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க நச்சரிக்கத்தான் செய்வீங்க. மாட்டேன்னு சொல்லத்தானே என்னை அங்க வெச்சிருக்காங்க."