வாசலில் சும்மா நிற்கிறவர்

கன்சல்டிங் வேலையில் நல்லது இல்லாமல் இல்லை. முப்பது வயதுக்குள் பெரிய பெரிய முதலாளிகள் எழுந்து நின்று நாற்காலி காட்டுகிறார்கள். நாம் சொல்வதைத் தலையாட்டிக் கேட்கிறார்கள். காரைக்கால் பக்கம் தருமபுரத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு இதில் ஏகப் பெருமை. எனக்குத்தான் அந்தத் தலையாட்டல் மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். சொந்தத் தொழிலைப் பற்றி நேற்று வந்தவளிடம் ஏன் கேட்கிறார்கள்?

காரைக்கால்மேட்டுப் படகுகளுக்கு ஐஸ் விற்கும் கம்பெனி ஒன்று எங்களிடம் வந்தது. சென்னை அலுவலகத்தில் மேலாளர், "உங்க ஊர்தானே, நீங்களே போங்க" என்று சிரித்தார். அவர் சிரித்துக்கொண்டே கொடுத்த வேலை எதுவும் எனக்கு நல்லபடியாக முடிந்ததில்லை. வீட்டுச் சாப்பாடாவது கிடைக்கும் என்று கிளம்பினேன்.

கம்பெனியைத் தொடங்கிய பெரியவர் படுத்த படுக்கையாகிவிட்டார். துபாயிலிருந்து திரும்பிய மகன்தான் இப்போது முதலாளி. எந்த ஆள் தேவை, எந்த ஆள் தேவையில்லை என்று நாங்கள் சொல்ல வேண்டும். அதற்காக ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

வாசலைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார்கள். "நான் என்னத்தம்மா செய்றேன்? சும்மா நிக்கிறேன்" என்றார். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். தன் வேலையைத் தானே பெரிதாகப் பேசுகிறவனை யாரும் மதிப்பதில்லை. கேட்டவர்தான், "நீங்க இல்லாம நடக்குமா?" என்று சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை.

விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். கடலுக்குப் போகும் அவசரத்தில் படகுக்காரர்கள் ஐஸுக்கு முண்டியடித்தார்கள். நானா ஒருவரை அதட்டினார், இன்னொருவர் தோளில் கை போட்டார். யாருக்கு முதலில் என்று அவர் கைகாட்டியதை ஒருவரும் மறுக்கவில்லை. அவர் சுபுஹு தொழப் போயிருந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். மேலாளர் அத்தனையையும் அடித்துவிட்டார். "அவரே சும்மா நிக்கிறேன்னு சொல்லிட்டாரே. உங்ககிட்டன்னா மனசுவிட்டுப் பேசுவாங்கன்னுதான் அனுப்பினேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசிக் கூட்டத்துக்கு மேலாளரும் வந்திருந்தார். அதற்கு முன்பே நானாவைத் தனியாகப் பிடித்தேன். "உள்ள கேப்பாங்க நானா. நான் இல்லாட்டி இங்க ஒண்ணும் ஓடாதுன்னு சொல்லிடுங்க. இல்லேன்னா உங்க வேலையே போயிடும்."

அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "அத நானே எப்படிம்மா சொல்றது? அவங்க வாப்பா காலத்துலேர்ந்து நிக்கிறேன். தம்பிக்குத் தெரியாததா?"

உள்ளே மேலாளர் கேட்டார். நானா கையைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் அல்லாஹ் பாத்துக்குறான். நான் சும்மா கூட நிக்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவார் என்று நானும் பார்த்தேன். முதலாளியோ செல்போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இவரு இல்லாம ஒரு நாள் வாசல் ஓடுமா? நீங்களே சொல்லுங்க" என்று முதலாளியிடம் கேட்டேன்.

அவர் தலை நிமிரவில்லை.

"அதச் சொல்றதுக்குத்தானே உங்களக் கூப்பிட்டிருக்கு."