குடலில்லாத ஐந்து கானாங்கெளுத்தி

காசிமேட்டில் அங்கம்மாவிடம் மீன் வாங்குகிறவர்கள் வீட்டில் கத்தி எடுப்பதில்லை. செதில் சீவி, செவுள் பிய்த்து, குடலை எடுத்து, நன்றாக அலசித்தான் கொடுப்பாள். அப்படியே கொடுப்பது விருந்தாளியைப் பட்டினியாக அனுப்புவதுபோல அவளுக்கு.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஜெயஸ்ரீ, ஆராய்ச்சிக்கு என்று சொல்லித்தான் ஐந்து கானாங்கெளுத்தி கேட்டாள். பெரிய இடத்துக்குப் போகிற மீனாயிற்றே என்று அங்கம்மா கூடுதலாக ஒரு தண்ணீர் அலசி, மஞ்சளும் தடவிக் கொடுத்தாள்.

கவரைப் பிரித்த ஜெயஸ்ரீ ஒரு மீனின் வயிற்றை விரலால் விரித்துப் பார்த்தாள்.

"குடல் எங்கம்மா?"

"பூனை துன்னுட்ச்சி மேடம்."

அவளுக்கு வேண்டியதே குடல்தானாம். கடலுக்குப் போகிற பிளாஸ்டிக் வெயிலிலும் அலையிலும் பொடியாகி மீன் வயிற்றில் சேர்கிறது. குடலைக் காரக் கரைசலில் ஊறவைத்தால் சதை கரைந்துவிடும், பிளாஸ்டிக் கரையாது. வடிகட்டினால் தாளில் தங்கும். ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் அதை எல்லோருக்கும் காட்டப்போவதாகச் சொன்னாள்.

கூட்டத்துக்கு வரப்போகிறவர்கள் அங்கம்மாவிடம் வாங்குகிறவர்கள். அதில் ஒருத்தி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வேறு கூடையைத் தொடாத சாபிரா, பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். குடலோடு மீன் தரமாட்டேன் என்றால் எதையோ மறைக்கிறாள் என்றாகும். அங்கம்மா கழுவாத மீன் ஐந்தை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை திரையில் வடிகட்டிய தாள் பாய் அகலத்துக்குத் தெரிந்தது. நடுவில் சுருண்ட நீல நூல். நைலான் வலை நூலாக இருக்கலாம் என்றாள் ஜெயஸ்ரீ. பிளாஸ்டிக் பெரும்பாலும் குடலில்தான் தங்குமாம். மிக நுண்ணியவை சதையிலும் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அதனால் மனிதருக்கு என்ன ஆகும் என்பது இன்னும் சரியாகத் தெரியாது. தெரியாததைச் சொல்ல இவ்வளவு பெரிய படம் எதற்கு என்று அங்கம்மாவுக்குத் தோன்றியது. சாபிரா பாதியிலேயே எழுந்து போனாள்.

மறுநாள் காலை அவள் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. அவளுக்கென்று ஒதுக்கிய சங்கரா மீனை அங்கம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. ஐஸ் முக்கால்வாசி கரைந்தபிறகு சாபிரா வந்தாள், கையில் எவர்சில்வர் தூக்கோடு.

"கொடல சுத்தமா எட்த்துடு. கவர் வாணாம், இதுல போடு."

"இத்தினி நாளு இன்னா பண்ணிகினு இருந்தேனாம்?"

சாபிரா மீன் வெட்டும் மணைமேல் குனிந்து, கத்தி போன இடமெல்லாம் பார்த்தாள். அங்கம்மாவும் அவள் பார்க்கட்டும் என்று மெதுவாகவே அறுத்தாள்.

குடலைப் பூனைக்கு எறியப்போன கை ஒரு நிமிஷம் நின்றது. பூனை நிற்கவில்லை, கவ்விக்கொண்டு ஓடியது. அதற்கு யாரும் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை.